கொடிக்கும் சுவருக்கும் நடுவே

பேக்ஸ்ட்ரோக் நீந்துகிறவளுக்குச் சுவர் தெரியாது. தலை முன்னே போகிறது, கண்கள் வானத்தைப் பார்க்கின்றன. அதற்காகத்தான் குளத்தின் இரு முனைகளிலிருந்தும் 5 மீட்டர் தள்ளி, குறுக்கே கொடிகள் கட்டுகிறார்கள். கொடி தலைக்கு மேலே கடந்ததும் கைகளை எண்ண வேண்டும். எனக்கு ஐந்து கை. ஐந்தாவது கையோடு குப்புறப் புரண்டு, குட்டிக்கரணம் அடித்து, சுவரை உதைக்க வேண்டும். 200 மீட்டரில் இது மூன்று முறை வரும்.

நான் பழகியது வேளச்சேரியில், 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய குளத்தில். அங்கே தலைக்கு மேல் கூரை கிடையாது. மேகத்தைப் பார்த்துக்கொண்டே நீந்தினால் மேகத்தோடு நாமும் நகர்ந்து லேன் கயிற்றில் தோள் உரசுவோம். டெல்லி தல்கத்தோரா போன்ற கூரை போட்ட குளத்துக்குப் போனால் அது வேறு உலகம். மேலே ஓடும் இரும்புச் சட்டம் லேனுக்கு நேராக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். சாய்வாக இருந்தால் அதுவே நம்மைக் கயிற்றில் கொண்டுபோய்த் தள்ளும். வானமும் கூரையும் ஊருக்கு ஊர் மாறும். கொடி மட்டும் போட்டிக்கு எங்கே போனாலும் சுவரிலிருந்து 5 மீட்டரில் இருக்கும். அதை நம்பித்தான் ஒரு சீசன் முழுக்க ஓடுகிறோம்.

ஒரு வருடம் மாநிலப் போட்டியிலேயே அடி விழுந்தது. 200 மீட்டரில் முதல் இரண்டு டர்ன் சரியாக வந்தன. மூன்றாவதில் ஐந்து எண்ணிப் புரண்டேன். சுவர் இல்லை. குப்புறக் கிடந்தபடியே இரண்டு கிக் அடித்து, சுவருக்கு அருகில் போன பிறகே உருண்டேன். புரண்டதும் கைவீச்சு ஒரே தொடர்ச்சியாக டர்னுக்குள் போய்விட வேண்டும், நடுவில் மிதந்துகொண்டு போகக்கூடாது என்பது விதி. சுவரோரம் நின்ற நடுவர் கையை உயர்த்தியது எனக்குத் தெரியாது. நீந்தி முடித்துப் பலகையைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே நேரம் வரவில்லை.

"சுவர் எங்க இருந்துச்சு?" என்று கோச் கேட்டார்.

"அஞ்சுல இல்ல சார்."

"கடைசி டர்னுக்கு வரும்போது உன் கை குட்டையாயிடுதும்மா. அப்பவும் அஞ்சுதான்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டது. களைத்த தோள் நீரை முழுசாகப் பிடிக்காது. ஒவ்வொரு கையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஐந்து ஆறாகிவிடுகிறது. அன்றிலிருந்து பயிற்சியின் கடைசியில், தோள் கெஞ்சும் நேரத்தில், டர்ன் மட்டும் தனியாகச் செய்ய வைத்தார். ஒரு நோட்டில் ஊர், குளம், முதல் டர்ன், கடைசி டர்ன் என்று எண்களை எழுதிவைத்தேன்.

பிறகு சீனியர் நேஷனல்ஸ் வந்தது. போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நீந்தும் தூரத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள், டேப்பர் என்போம். மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பு இறங்கி, கை நீளும், நீர் கனமில்லாமல் இருக்கும். சீசன் முழுக்கக் காத்திருந்த சுகம் அது. அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. களைத்த உடம்போடு பழகிய எண்ணிக்கை, மிக முக்கியமான அந்த வாரத்தில் பொய்த்துப்போகும். வார்ம்-அப்பில் முழு வேகத்தில் சுவரை நோக்கி வந்தேன். ஐந்தாவது கையைத் தூக்கும்போதே விரல்கள் சுவரில் இடித்தன. இன்னும் ஒரு கை பிந்தியிருந்தால் மண்டை இடித்திருக்கும். முதல் இரண்டு டர்னுக்கு நான்கு, கடைசிக்கு ஐந்து என்று மாற்றிக்கொண்டு ஹீட்ஸுக்கு இறங்கினேன்.

அரைக் கையில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஸ்ரீஹரி நடராஜைச் சொல்வேன். 2021 ஜூனில் ரோமில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 53.77 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரம் 53.85. வித்தியாசம் நூறில் எட்டுப் பங்கு. முழங்கால் மடங்கிப் போய் உதைத்த ஒரு டர்ன் அதைவிட அதிகம் தின்றுவிடும். சுவரின் பலன் உதைப்போடு முடிவதும் இல்லை. அங்கிருந்து நீருக்கடியில் டால்பின் கிக்கில் 15 மீட்டர் வரை போகலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் பாதிக் குளத்துக்கும் மேல் நீருக்கடியிலேயே போனார். ஜப்பானின் டாய்ச்சி சுசுகி அவரை முந்தித் தங்கம் வாங்கினார். அதன் பிறகுதான் நீருக்கடியில் போகும் தூரத்துக்கு வரம்பு வந்தது. தொடக்கத்தையும் சேர்த்து நான்கு முறை 15 என்றால் 200 மீட்டரில் 60. அவ்வளவு தூரத்தை உதைப்பு தரும்போது, உதைக்கும் இடத்தைக் குருட்டாம்போக்கில் விட முடியாது.

ஃபைனலில் ஆறாவதாக வந்தேன். மூன்று டர்னும் பாதம் முழுசாகச் சுவரில் பதிந்தன. அந்த சீசனில் எனக்கு நிறைவு தந்தது அதுதான்.

இப்போது காலையில் சிறுவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். வெவ்வேறு குளங்களுக்குப் போகிறேன், பல இடங்களில் கம்பம் இருக்கிறது, கொடி இல்லை. போட்டி நாளன்று மட்டும் எடுத்துக் கட்டுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் சுவரைத் தேடிக் கழுத்தைத் திருப்பித் திருப்பி நீந்துகிறார்கள், அந்தப் பழக்கம் பிறகு போவதே இல்லை. குளம் நடத்துகிறவர்களையும் கோச்சுகளையும் கைகூப்பிக் கேட்கிறேன். காலையில் முதல் குழந்தை தண்ணீரில் இறங்கும் முன், தினமும் கொடியைக் கட்டிவிடுங்கள்.