பழைய வீட்டுக்கு எந்த வர்ணம்?

கோட்டாற்றில் புனித சவேரியார் பெருவிழா டிசம்பர் 3-இல் நிறைவுறும். அதற்குள் வீட்டுக்கு வர்ணம் பூசிவிட வேண்டுமென்னும் ஆவல் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களில் பலருக்கு உண்டு. ஆனால் அவை வடகிழக்குப் பருவமழையில் சுவர் நனைந்து நிற்கும் நாட்களன்றோ?

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைச் சென்று காணுங்கள். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னரும் அது நிலைத்து நிற்கிறது. இன்று கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. வெண்சுவர், செந்நிற ஓடு, கருமையேறிய மரம்: கண்ணுக்கு வேறென்ன வேண்டும்? (ஊதாவும் பச்சையும் கலந்து மின்னும் இல்லங்களைப் பற்றி யான் ஏதும் கூறேன்.)

சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழஞ்சுவர் மழையில் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் வர்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. உப்புப் பூத்து, வர்ணம் கொப்புளித்து, ஈற்றில் சாந்தே உதிர்கிறது. தாத்தா கட்டிய சுவரைப் பேரன் அழகுபடுத்தப் போய் இழக்கும் கதை இதுவே. சிமெண்டுப் பூச்சும் இத்தகையதே.

ஆகவே முதலில் உடைந்த ஓட்டை மாற்றுக. உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைத்து, மாசி, பங்குனியில் நீர்த்த சுண்ணாம்பை மெல்லிதாக மூன்று முறை பூசுக. நிறம் வேண்டின் காவி சேர்க்கலாம். மண்நிறங்கள் சுண்ணாம்பில் எளிதில் வெளுப்பதில்லை. கடலோர ஊர்களில் சன்னல் கம்பிகளுக்குத் துருவைச் சுரண்டி, செந்நிறத் துருத்தடுப்புப் பூச்சு இட்ட பின்னரே வர்ணம். வெள்ளையடிப்பை அடிக்கடி புதுப்பிக்க வேண்டுமென்பது உண்மை. செலவோ சொற்பம், வேலையை வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம்.