மட்கார்டை அறுத்தல்

மோட்டார் வண்டியின் மட்கார்டை அறுப்பது பற்றி இலக்கியப் பகுதியில் எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். பாட்டும் கூத்தும் பற்றி எழுத நம்மவருள் பலர் இருக்கின்றனர். தகடும் அரமும் பற்றித் தமிழில் எழுதுவோர் அரியர். கையால் செய்யும் வேலை எழுத்துக்கு உரியதன்று என்னும் எண்ணம் எப்படியோ நம்மிடையே வேரூன்றிவிட்டது. தோட்டத்துக் கிராணிமாராகிய நாம் அந்நோய்க்கு மற்றவரினும் சற்று அதிகமாகவே ஆளானவர்கள். உதிரிப் பொருள்களின் இருப்புப் புத்தகத்தில் இடப்பக்க முன் மட்கார்டு ஒன்று என்று ஆங்கிலத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அது வண்டியில் எத்தனை போல்ட்டுகளால் நிற்கிறது என்று குனிந்து பார்க்கும் அவசியம் ஒரு நாளும் நேர்ந்ததில்லை.

அந்த அவசியத்தை உண்டாக்கியவன் நம் தம்பி. வேலை நாள்களில் தோட்டத்திலும் ஓய்வு நாள்களில் ஜெலுத்தோங் வீட்டிலுமாக நம் வாழ்வு நடக்க, அவனோ தவணைக் கடனில் ஒரு பழைய ஹைலக்ஸ் வண்டியை வாங்கி, பாலிக் புலாவ் மலைச்சரிவுகளிலுள்ள தோப்புகளிலிருந்து டுரியான் பழம் இறக்கும் தொழிலில் இறங்கினான். ஜூன், ஜூலை மாதங்களில் வரும் வருமானமே பெரும்பாலும் அவனுடைய ஆண்டு வருமானம். அதே மாதங்களில் ஒரு வாரம் வண்டி நின்றுவிட்டால், அந்த ஆண்டுத் தவணைக்கு நம் சம்பளத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

தோப்புப் பாதைகள் பாதைகளேயல்ல. சக்கரங்கள் ஓடி ஓடி இருபுறமும் பள்ளமாகி, நடுவில் மேடு எழுந்து நிற்கும். அம்மேடு வண்டியின் அடியில் இடித்தது. ஆகவே தம்பி பெரிய டயர்களைப் பூட்டினான். வண்டியோடு வந்த அளவு 265/65 ஆர் 17. குறுக்களவு ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். அவன் பூட்டியது 285/70 ஆர் 17, குறுக்களவு 831. பாதி வித்தியாசமாகிய 27 மில்லிமீட்டர் அளவுக்கு வண்டியின் அடி உயர்ந்தது. அவன் மகிழ்ந்தான். ஆனால் அதே 27 மில்லிமீட்டர் மேலேயும் ஏறிற்று. அகலத்திலும் 20 கூடிற்று. வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 107-இல் ஓடுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறோம். பெரிய டயர் வாங்குவோரில் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் சிலரே.

விளைவு இரண்டாம் வாரமே தெரிந்தது. பழம் நிறைந்த வண்டி சரிவில் இறங்குகிறது, வளைவில் திருப்பிக்கொண்டே தடையை அழுத்துகிறான், முன்பக்கம் தாழ்கிறது, சக்கரம் மட்கார்டுக்குள் ஏறித் தகட்டின் பின்விளிம்பில் உரசுகிறது. அன்று மாலை டயரின் தோளில், கத்தியால் கீறியது போன்ற ஒரு கோட்டை அவன் நமக்குக் காட்டினான். நூல் தெரியவில்லை, தெரிய நெடுநாள் ஆகாது. அச்சரிவில், அச்சுமையோடு, முன் டயர் ஒன்று வெடித்தால் என்னவாகும் என்பதை அவனும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. “அண்ணே, அறுத்துவிட வேண்டியதுதான்” என்றான்.

பழைய டயரையே மாட்டிவிடலாமே என்று கேட்டோம். நடுமேட்டில் இடித்து அடிப்பாகம் உடைந்தால் அதற்கும் செலவு நம்முடையதே என்றான். நியாயம்தான்.

எதிர்ப்பு வந்தது நம் தந்தையாரிடமிருந்து. அவர் ஒரு தோட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். அக்காலத்தில் துரையின் லேண்ட் ரோவரில் ஒரு கீறல் விழுந்தாலும் விசாரணை. விசாரணை முடிந்தால் சம்பளத்தில் பிடித்தம். இரப்பர் மரத்துக் கிளை உரசிற்று என்று அவர் சொன்ன சமாதானம் ஒருமுறையும் எடுபட்டதில்லையாம். தம் கையால் தொடவே அஞ்சிய பொருளைத் தம் மகன் கத்தரி கொண்டு வெட்டப் போகிறான் என்றதும் அவர் முகம் போன போக்கை நாம் என்னென்று எழுதுவது! “நன்றாக இருக்கிற தகட்டை ஏனடா அறுக்கிறாய்?” என்று கேட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அது தகட்டைப் பற்றிய கேள்வியன்று. பிறர் பொருளைக் காத்தே பழகிய ஒரு தலைமுறையின் அச்சம். வண்டி நம்முடையது என்பதை அவர் மனம் ஒப்புவதற்குப் பதிவுச் சீட்டு மட்டும் போதவில்லை.

அந்த லேண்ட் ரோவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதல் வெளிப்பட்டபோது, யுத்தத்தை ஒட்டி இங்கிலாந்தில் எஃகுக்குப் பெருந்தட்டுப்பாடு. ஆதலால் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். தட்டையான அத்தகடுகள் நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம், துருவும் எளிதில் பிடிக்காது. இன்றைய வண்டியின் மட்கார்டோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த எஃகுத் தகடு. கடற்காற்று வீசும் ஜெலுத்தோங்கில் வண்ணம் போன இடம் சில நாள்களிலேயே செம்மை பூண்டுவிடும். அறுப்பது எளிது, அறுத்தபின் காப்பதே வேலை.

இனி வேலைக்கு வருவோம். நாம் முதலிற் செய்தது கிராணி வேலையே. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வண்டியின் அமைப்பை ஒருவர் தம் விருப்பம்போல் மாற்றிவிட முடியாது. டயர் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு ஓடுவதும் குற்றம். அது வீசும் கல்லும் சேறும் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரன் முகத்தில் அடிக்கும். ஆதலின் சாலைப் போக்குவரத்துத் துறையில் விசாரித்தோம், காப்புறுதிக்காரருக்கும் எழுதினோம். சக்கர வளையத்தை மாற்றாமல் பழையதையே வைத்துக்கொள்ளும்படி தம்பிக்குக் கண்டிப்பாகச் சொன்னோம். அகன்ற வளையம் போட்டுப் பந்தாவாக ஓட்டுவோர் தீவில் உண்டு. அவ்வண்டிகளிற் பல கண்ட மிகப் பெரிய பள்ளம் அங்காடி வாகன நிறுத்தத்தின் மழைக்குழியாகவே இருக்கும்.

ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் பகலில் உறங்குபவர். அதற்குள் ஓசை அடங்க வேண்டும். ஒரு முன் சக்கரத்தையும் அதற்கு எதிர் மூலைப் பின் சக்கரத்தையும் கட்டைகளின்மேல் ஏற்றினால், முன் சக்கரம் மட்கார்டுக்குள் எழும். டயரின் தோளெங்கும் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு, வட்டை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினோம். தொட்ட இடமெல்லாம் வெள்ளை படிந்தது: பின்பக்கக் கீழ்மூலையில் ஓர் உள்ளங்கை அளவு, முன்காப்பின் ஓரத்தில் சிறிது. ஓடும் வண்டி தடை பிடிக்கும்போது சக்கரம் இன்னும் மேலே வரும் என்பதற்காக, அடையாளத்துக்கு அப்பால் ஒரு விரலகலம் விட்டுக் கோடு இழுத்தோம்.

மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை எடுத்துப் பார்த்தால், கம்பிக் கொத்து ஒன்று கோட்டுக்கு நாலு விரல் தள்ளி ஓடுகிறது. பார்க்காமல் அறுத்திருந்தால் விளக்கும் போயிருக்கும். தம்பி கிரைண்டரை எடுத்தான். நாம் தகட்டுக் கத்தரியே போதும் என்றோம். கிரைண்டரின் சூடு அறுத்த இடத்துக்கு அப்பாலும் வண்ணத்தைக் கருக்கிவிடும். பொறி பட்டால் கண்ணாடியும் புள்ளி விழும். விளிம்பை முழுதாக வெட்டி எறிவதும் பிழை. மடிந்த விளிம்புதான் தகட்டுக்கு விறைப்பு. ஆகவே கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் இப்பால் வெட்டி, மிச்சத்தை இடையிடையே கீறி, உட்புறமாகச் சுத்தியால் தட்டி மடித்தோம். அரம் போட்டு, துத்தநாகப் பூச்சு இரண்டு முறை, அதன்மேல் வண்ணம். பிளாஸ்டிக் மறைப்பைச் சூட்டுக்காற்றில் இளக்கி உள்ளே தள்ளினோம்.

வேலை இவ்வளவு சுமுகமாகவே தம்பிக்கு ஆசை மூண்டது. அடுத்து 35 அங்குல டயர் என்றான். அதற்கு மட்கார்டுக்குப் பின்னால், அடிச்சட்டத்தில் உடல் வந்து அமரும் முட்டையே வெட்டிப் பற்றவைக்க வேண்டும். மட்கார்டு போல்ட்டில் நிற்பது. கெட்டால் பழைய இரும்புக் கடையில் வேறொன்று கிடைக்கும். சட்டம் அப்படியன்று. முற்றத்தில், ஜாக்கியின்மேல், நம்மைப் போன்ற இருவர் செய்யத் தக்கதன்று என்று முடிவாக மறுத்தோம். அவன் இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பின் சக்கரங்கள் இன்னும் மிச்சம். அங்கே உள்தகடும் வெளித்தகடும் புள்ளிப் பற்றவைப்பில் ஒட்டியிருக்கின்றன; வெட்டினால் வாய் பிளந்து நீர் புகும். தட்டி மடிப்பது மட்டுமே வழி. அதைப் பேசிக்கொண்டிருந்தபோது தந்தையார் எழுந்து வந்தார். வெட்டிப் போட்ட தகட்டுத் துண்டை எடுத்து நகத்தால் சுண்டிப் பார்த்தார். லேண்ட் ரோவர்த் தகடு இதைவிடத் தடிப்பு என்றார். பிறகு மடித்த விளிம்பின்மேல் பெருவிரலை ஓட்டி, ஓரிடத்தில் பிசிர் இருக்கிறது என்று காட்டி, அரத்தைக் கேட்டு வாங்கினார். வானம் இருண்டுகொண்டு வந்தது. பின் சக்கரத்தை மழை விட்டபின் பார்க்கலாம் என்றார்.