தாழ்வாரம் கணக்கில் வராது

புதுச்சேரிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் படம் எடுப்பது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் மஞ்சள் சுவர்களைத்தான். மேற்கே, தமிழர் பகுதியில், வீடுகள் வேறு மாதிரி. அங்கே வீடு மதிலுக்குள் ஒளிந்துகொள்ளும், இங்கே தெருவுக்கு வந்து உட்காரும். முதலில் தாழ்வாரம்: மெல்லிய மரத்தூண்களின் மேல் சரிந்த ஓட்டுக்கூரை. தெருவில் போகிற யாரும் அதன் கீழே மழைக்கு ஒதுங்கலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் திண்ணை. அதற்கும் பிறகுதான் கதவு, ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு, கிணறு.

எங்கள் வீடு 24 அடி அகலம், 118 அடி நீளம். சென்ற வருடம் அதை விற்றோம். அளக்க வந்தவர் சுவரிலிருந்துதான் டேப்பைப் பிடித்தார். "தாழ்வாரம் தெருவோட சேர்ந்தது சார், கணக்குல வராது" என்றார். பத்திரத்தின்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் அம்மா முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்த வீட்டில், சாயங்காலங்கள் முழுக்க அந்தக் கணக்கில் வராத ஆறடிக்குள்தான் கழிந்தன.

பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போவதைப் பற்றி நான் படித்ததெல்லாம் பொருட்களைக் குறைப்பதைப் பற்றியே பேசுகிறது. எது சந்தோஷம் தருகிறதோ அதை வைத்துக்கொள், மற்றதைக் கொடுத்துவிடு. எங்களுக்குப் பொருள் பிரச்சினையாகவே இல்லை. நான்கு நாளில் முடிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் நான் ஒரு எக்செல் ஷீட் திறந்து 214 வரிகள் வரை எழுதினேன், அதை யாரும் பார்க்கவில்லை. அண்டாவும் தவலையும் எடைக்குப் போயின. பேர் வெட்டிய பாத்திரங்களை மட்டும் அம்மா தனியே ஒதுக்கினார். இழுத்துக்கொண்டிருந்தது வேறொன்று. வீடு யாருடையது என்ற கேள்வி.

தாத்தா 1989-ல் உயில் எழுதாமல் இறந்தார். இந்த ஊரின் பழைய வழக்கப்படி இந்துக் குடும்பங்களில் அப்பா இருக்கும்வரை சொத்துக்கு அவர்தான் முழு முதலாளி; பிறப்பாலேயே மகனுக்குப் பங்கு என்பது இங்கே கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் நிர்வாகத்தை விட்டு, 1962-ல் சட்டப்படியும் கைமாற்றிய பிறகு, 1963-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கேயும் வந்தது. ஆகவே தாத்தாவுக்குப் பின் வீடு நான்கு பேருக்குச் சமம்: அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், அத்தை. காகிதத்தில் சமம். ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகளாகப் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது. 2005-ல்தான் அதை எடுத்தார்கள். அத்தைக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. எடுத்த பிறகும் பதினெட்டு வருடம் அவர் கேட்கவில்லை. அண்ணன் குடியிருக்கிற வீடு, எப்படிக் கேட்பது?

மாமா போன பிறகு, முட்டி ஆபரேஷனுக்கும் கடனுக்குமாகச் சேர்த்து, 2023-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டார். அப்பா அப்போது உயிரோடு இல்லை. சித்தப்பா ஒருவர், "வீட்டு வாசல்ல ஒக்காந்துக்கினு வீட்டையே கேக்கறியா?" என்றார். அத்தை பதில் சொல்லவில்லை. காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

சொந்தக்காரர்கள் மத்தியில் இன்றும் அத்தைதான் வீட்டை விற்க வைத்தவர். எனக்கு அது அநியாயமாகத் தெரிகிறது. அந்த வீடு அத்தனை காலம் நின்றது அவர் கேட்காமல் இருந்ததால்தான். நாங்கள் ஐந்து பேரும் வாடகை இல்லாமல் வாழ்ந்ததில் கால் பங்கு அவருடையது. பரம்பரை வீடு என்று நாம் உருகிப் பேசுகிற பல வீடுகளுக்குப் பின்னால் இப்படிக் கேட்காமல் இருந்த ஒரு பெண் இருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், வீடும் நிற்கவில்லை. மெட்ராஸ் டெரஸ் கூரை என்பது அழகான சிக்கனம். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் கோணலாகச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடவும் விடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு விரிசல்களை அவசரமாக சிமென்ட் வைத்துப் பூசினார்கள். அப்போது ஊர் முழுக்க அதுதான் நடந்தது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகள்தான் முதலில் உளுத்துப் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், அரசாங்கத்தின் சொந்தக் கட்டடம், அப்படியே உட்கார்ந்தது. அதைத் திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆனது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்து ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது எங்கள் இரண்டாம் கட்டின் மூலை விழுந்தது. நல்லவேளை, அம்மா முன்கட்டில் இருந்தார். சரிசெய்ய மேஸ்திரி சொன்ன தொகை 38 லட்சம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைத்தால்.

வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பும் அரசும் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு தெரு முகப்புகளை, தாழ்வாரங்களைச் சேர்த்து, மீட்டெடுத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருதும் வந்தது. போய்ப் பாருங்கள், நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் முகப்புக்குப் பின்னால் நான்கு பங்காளிகள் இருந்தால் அதற்கு எந்தத் திட்டமும் கிடையாது.

இப்போது அம்மாவும் நானும் ரெட்டியார்பாளையத்தில், இரண்டாவது மாடியில், 840 சதுர அடியில் இருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, ஹாலின் ஒரு மூலை என் ஆபீஸ். முதல் மாதம் அம்மா என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் எட்டடி தூரத்தில்தான் இருந்தேன். குரல் 118 அடிக்குப் பழகியிருந்தது. கால் மீட்டிங்கில் பெங்களூரில் இருக்கும் மேனேஜருக்குக்கூட எங்கள் வீட்டில் கருவேப்பிலை இல்லை என்பது தெரியும்.

சின்ன சித்தப்பாவுக்கு நாங்கள் அபார்ட்மென்டுக்குப் போனதே கௌரவக் குறைச்சல். "சொந்த மண்ணு இல்லாத வீடு ஒரு வீடா?" என்பார். பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாடகைக்குத்தான் இருந்தார், அவர் குடியிருந்த வீட்டைத்தான் இன்று ஊரே போய்ப் பார்க்கிறது என்று ஒருமுறை சொன்னேன். "நீ பாரதியா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மாவுக்கு வசதிகள் பிடித்திருக்கின்றன. குனிந்து பெருக்க முற்றம் இல்லை, தண்ணீர் மோட்டாரை நினைவு வைக்க வேண்டாம், பல்லி குறைவு. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் தடுமாறுகிறார். அந்த வீட்டில் ஐந்து மணிக்கு முகம் கழுவித் திண்ணைக்கு வருவார். பூக்காரம்மா, கோயிலுக்குப் போகிறவர்கள், லிசேவிலிருந்து திரும்பும் பிள்ளைகள், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பழைய சொல்தா ஒருவர், எல்லோரும் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். யாரையும் வீட்டுக்குள் கூப்பிட வேண்டியதில்லை, யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. நட்பு என்றுகூடச் சொல்ல முடியாது அதை. இங்கே ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் பெல் அடிக்க வேண்டும், பெல் அடிக்க ஒரு காரணம் வேண்டும். லிஃப்ட் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பொது வழியில் பொருட்கள் வைக்க வேண்டாம் என்று அசோசியேஷன் குரூப்பில் மெசேஜ் வந்தது. நாற்காலியை உள்ளே எடுத்துவிட்டார். இப்போது தயிர் பாத்திரத்தோடு எதிர் வீட்டு பெல்லை அடிக்கிறார். எங்கள் வீட்டில் தயிர் எப்போதும் இருக்கிறது.

அத்தை மாதம் இரண்டு முறை வந்து தங்குகிறார். அந்த வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு முறைதான் வருவார். முட்டி இப்போது பரவாயில்லை, லிஃப்டும் இருக்கிறது. இருவரும் ஒரே கட்டிலில் படுத்து நள்ளிரவு வரை யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்கியவர் பழைய வீட்டை ஓட்டலாக்கிவிட்டார். பின்கட்டை இடித்து அறைகள், முன்னால் தாழ்வாரத்தைப் புதுப்பித்து மேஜை போட்டிருக்கிறார். அம்மா அந்தத் தெருப் பக்கமே போவதில்லை, ஈஸ்வரன் கோயிலுக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறார். அத்தை போன வாரம் யாரிடமும் சொல்லாமல் போய், திண்ணையில் உட்கார்ந்து, காபி ஆர்டர் பண்ணிக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்று அம்மா, கேட்கக்கூடாது என்றிருந்தவர், கேட்டுவிட்டார்.

"தூண நல்லா தேச்சு வச்சிருக்கான். காபி 180 ரூபா. வெறும் தண்ணி."