சுங்கை சிப்புட்டில் ஒரு குட்டிக் கடல்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே வரும்போது கோப்பெங் தாண்டியதும் அந்த வெள்ளை மலைகள் தென்படும். கோயில்களும் குகைகளுமாக நாம் பார்த்துப் பழகிய ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள். இவை எல்லாம் ஒரு காலத்தில் கடலடி. 25 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடலுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் சேர்ந்து இறுகிய கல். இன்றைக்கு ஈப்போவிலிருந்து லுமுட் கடற்கரைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போக வேண்டும்.

சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் வீட்டு வாசலில் கடல் வளர்க்கிறார். அவர் பிறந்த தோட்டத்தில் ரப்பர் போய் செம்பனை வந்தது. லயம் போய், குடும்பம் தாமானுக்கு வந்தது. சிறுவயதில் தோட்டத்துக் கால்வாயில் மீன் பிடித்துப் போத்தலில் வளர்த்தவர். இப்போது மூன்றடி உப்புநீர்த் தொட்டி. முதல் தடவை உப்பைக் கரைத்து, மறுநாளே மீன்களை விட்டார். ஒரே வாரத்தில் எட்டும் செத்தன.

தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. மீன்களின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான் கொன்றது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்ற பாக்டீரியா வேண்டும். அவை குடியேறிய கல்லைத்தான் 'உயிருள்ள பாறை' என்கிறார்கள். கல்லுக்கு உயிர் இல்லை, அதன் துளைகளுக்குள் இருப்பவற்றுக்குத்தான்.

அப்படியானால் பக்கத்து மலைக் கல்லையே எடுத்துப் போடலாமே? நானும் கேட்டேன். "தம்பி, அது பளிங்கு" என்றார். பூமிக்கடியில் கொதித்தெழுந்த கருங்கல் குழம்புதான் கிந்தா பள்ளத்தாக்குக்கு ஈயத்தைத் தந்தது. அதே சூடு சுண்ணாம்புக் கல்லைப் பளிங்காக இறுக்கியும் விட்டது. துளை இல்லாத கல்லில் பாக்டீரியாவுக்கு ஏது வீடு? அதோடு, மலையை நாமும் கொத்த வேண்டுமா, கல்லுடைப்பவர்கள் போதாதா?

பங்கோரில் பவளக்கல் பொறுக்கும் எண்ணமும் வேண்டாம். கடல் பூங்காக்களில் பவளம் எடுப்பதை 1985 மீன்வளச் சட்டம் தடுக்கிறது. கல் பவளங்கள் சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால் நாடு விட்டு நாடு கொண்டுபோகவும் அனுமதி தேவை.

அண்ணன் வாங்கியது, தொட்டி வைத்துச் சலித்துப்போன ஒருவரின் பழைய காய்ந்த கல். பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த பாசியையும் செத்ததையும் சுரண்டி எடுத்தார். குளோரின் நீக்கிய தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடலுப்பு கலந்து, கல்லைப் பெரிய தோம்பில் மூழ்கடித்தார். உள்ளே அலை மோட்டார். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று மேலே மூடி. நன்றாக ஓடும் தொட்டி ஒன்றிலிருந்து கைப்பிடிக் கல் ஒன்றையும் வாங்கிப் போட்டார், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. ஈப்போ வெயிலில் தண்ணீர் வற்றும்போது நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சுத்தம் செய்கிறேன் என்று இந்தக் கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்காதீர்கள். கல்லில் ஒட்டியிருக்கும் சிலவகைப் பொத்தான் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அந்த ஆவியைச் சுவாசித்து, காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு வாரமாகத் தோம்பில் வெறும் கல்தான். அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. பால்மரம் வெட்டிக் கைகள் காய்த்துப்போன அவருடைய அம்மா மட்டும், "கன்னு நட்டா பால் வெட்ட ஆறு வருசம் ஆகும், இவன் ஆறு வாரம்தானே கேக்கிறான்" என்று மகன் பக்கம் பேசினார்.

போன சனிக்கிழமை சோதனைக் குழாயில் அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் இன்னும் லேசாக ஊதா காட்டியது. அண்ணன் தேதியையும் நிறத்தையும் நாட்காட்டியில் குறித்துவிட்டு, தோம்பை மறுபடி மூடினார்.