ஒரே விமானம், ஆறு மென்பொருள்

அமிர்தி மலைப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் நமக்குத் தெரிவது ஒரே ஒரு விமானம். தரையில் இருக்கும் கணினிகளுக்கு அப்படி இல்லை. பாதையைக் கணிக்கும் மென்பொருளுக்கு அது நேரம் குறித்த புள்ளிகளின் வரிசை. மோதல் எச்சரிக்கை மென்பொருளுக்கு ஒரு ஜோடியில் பாதி. விமான நிலைய மென்பொருளுக்கு நிறுத்த இடம் கேட்டு வரும் ஒரு வண்டி.

இவை ஒன்றோடொன்று பேசாவிட்டால் என்ன ஆகும்? 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் நெருங்கின. பொறுப்பு சூரிச் மையத்துடையது. பக்கத்து கார்ல்ஸ்ரூ மையத்தின் கணினி ஆபத்தை முன்கூட்டியே காட்டியது. அங்கிருந்தவர் சூரிச்சுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டார். பராமரிப்பு வேலையால் லைன் கிடைக்கவில்லை. 71 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது: தகவல் இருந்தது, வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை.

அதனால்தான் புது ஏற்பாடு எதையும் முதலில் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். நிஜப் பயணிகளை வைத்துச் சோதிக்க முடியாதே! சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு சிமுலேட்டரும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில் எழுதப்பட்டது. ஆறு மென்பொருள்களை நேரடியாக இணைக்க 15 இணைப்புகள் வேண்டும். ஏழாவது வந்தால் இன்னும் 6.

இதற்கு மாற்றுதான் சேவை முறை. வானிலை மென்பொருள், "காற்று விவரம் என்னிடம் கிடைக்கும்" என்று அறிவித்துவிடும். வேண்டியவர்கள் சந்தாதாரர் போலப் பதிவு செய்துகொள்ளலாம். யார் வாங்குகிறார்கள் என்று வெளியிடுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு முன்வைக்கும் 'ஸ்விம்' திட்டத்தின் அடிப்படையும் இதுதான்.

ஆனால் இணைத்தால் மட்டும் போதாது. ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்களுக்கு இது புரியும். ஒரு ஆர்டரில் சைஸ் 42, இன்னொன்றில் 8. இரண்டும் ஏறக்குறைய ஒரே கால்தான். எந்த அளவுமுறை என்று எழுதாவிட்டால் குழப்பம். விமானம் பறக்கும் உயரமும் இந்தியாவில் அடிக்கணக்கு, சீனாவில் மீட்டர் கணக்கு. அதற்காகத்தான் வான்வெளிக்கு ஏ.ஐ.எக்ஸ்.எம்., பயண விவரத்துக்கு எஃப்.ஐ.எக்ஸ்.எம்., வானிலைக்கு ஐ.டபிள்யூ.எக்ஸ்.எக்ஸ்.எம். என்று பொது வடிவங்கள் வந்தன.

இன்னொரு வம்பு, கடிகாரம். சில சிமுலேட்டர்கள் ஒரு நாள் போக்குவரத்தைச் சில நிமிடங்களில் ஓட்டிவிடும். ஆட்கள் உட்கார்ந்து பயிற்சி எடுக்கும் சிமுலேட்டரோ நிஜ நேரத்தில்தான் ஓடும். தகவலோடு நேரமும் சேர்ந்து வராவிட்டால், விமானம் முன்பு இருந்த இடத்தை வைத்து இப்போது முடிவெடுக்க நேரிடும். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆபத்தே அதுதான்.

ஆர்வமுள்ளவர்கள் வீட்டிலேயே முயலலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'புளூஸ்கை' சிமுலேட்டர் இலவசம். பைத்தான் தெரிந்தால் உள்ளே புகுந்தும் பார்க்கலாம். சென்னை - பெங்களூரு பாதையில் ஒரு விமானத்தை விடுங்கள். காற்று விவரத்தை நண்பர் எழுதிய மென்பொருளிலிருந்து வாங்குங்கள். காற்றின் வேகம் நாட்டிலா, கிலோமீட்டரிலா என்ற சண்டை முதல் மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடும்!