பாலை நிலத்தில் ஒரு வாடகை வீடு

உறவினர் இல்லம், பங்கு இல்லம், துறவியர் மடம் ஆகிய மூன்றிலன்றி வேறெங்கும் தங்கி அறியாதவர் நாம். அத்தகைய நமக்கு, உரிமையாளர் முகத்தையே காணாமல் ஒரு வீட்டில் மூன்று இரவுகள் தங்கும் வாய்ப்பு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிட்டியது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரை அடுத்த சாண்ட்லரில் பணியாற்றும் நம் தங்கை மகன், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை முன்னிட்டு அவ்வீட்டை ஏற்பாடு செய்திருந்தான். கோடையில் அப்பாலைக்கு எவரும் செல்வதில்லையாதலால் வாடகை குறைவு என்பது அவன் கூறிய காரணம். அங்கு நாம் கண்டவற்றையும், கண்டபின் நம் உள்ளத்தை விட்டு அகலாத ஒன்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஊரின் பெயர் ஆஹோ. ஸ்பானிய மொழியில் அதற்குப் பூண்டு என்று பொருள். பீனிக்சிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 175 கிலோமீட்டர். கீலா பெண்ட் என்ற சிற்றூரைக் கடந்ததும் சாலை நேர் தெற்காகத் திரும்பி, போர் விமானங்கள் குண்டுவீச்சுப் பயிற்சி செய்யும் பரந்த வெளியின் ஊடே செல்கிறது. இருமருங்கும் மணலன்று, சிறு இலைகளும் பிசின் மணமும் கொண்ட புதர்களும், கரும்பாறைக் குன்றுகளுமே. அவற்றினிடையே, கைகளை உயர்த்தி நிற்கும் மனிதரைப்போல் சகுவாரோ என்னும் பெருங்கள்ளிகள் நிற்கின்றன.

அக்கள்ளியின் பொறுமையை என்னென்பது! முளைத்த முதல் எட்டாண்டுகளில் அது ஓர் அங்குல உயரமே வளருமாம். முதற்கிளை தோன்ற ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகலாம். நாற்பது அடிக்கு மேலும் உயர்ந்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ வல்லது. ஒரு மழை பெய்தால் வேர்கள் விரைந்து நீரை உறிஞ்ச, தண்டின் மடிப்புகள் விரிந்து அதனைச் சேமித்து வைக்கும். ஆஹோவில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். நம் ஊரில் ஒரு புயல் நாளில் பெய்துவிடும் மழை அது.

ஊருக்குள் நுழைந்ததும் வியப்பு காத்திருந்தது. பனைபோன்ற மரங்கள் சூழ்ந்த சதுக்கம். அதனைச் சுற்றி வளைவுகளோடு கூடிய வெண்ணிறத் தாழ்வாரங்கள். ஒருபுறம் இரு வெண்ணிற ஆலயங்கள். அவற்றுள் ஒன்று அமல உற்பவ அன்னையின் கத்தோலிக்க ஆலயம். 1910களில், செப்புச் சுரங்கத்தின் மேலாளராயிருந்த ஜான் கிரீன்வே என்பவரின் காலத்தில் இந்நகரம் திட்டமிட்டு எழுப்பப்பட்டது. சுரங்கத்தின் பெயர் நியூ கொர்னேலியா. ஊரின் விளிம்பில் நின்று நோக்கினால் அதன் பள்ளம் தெரிகிறது: ஏறத்தாழ ஒன்றரை மைல் அகலம், 1,100 அடி ஆழம். படிப்படியாகக் குடைந்திறங்கிய அப்பள்ளத்தின் அடியில் பச்சை நீர் தேங்கி நிற்கிறது. அழகிய சதுக்கத்தைக் கட்டியவர்களே, வெள்ளையர்க்கு ஒரு குடியிருப்பும், மெக்சிக்கர்க்கு ஒன்றும், பூர்வகுடிகளாகிய ஓவொதாம் மக்களுக்கு மற்றொன்றுமாகப் பிரித்து வைத்தனர். ஊரும் சேரியும் என்ற பிரிவு நமக்கு மட்டும் உரியதன்று என்பதை அறிந்தபோது, ஆறுதலன்று, வருத்தமே மிகுந்தது.

1983இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் எழுந்தது. செம்பின் விலையும் வீழ்ந்தது. 1985இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி மக்கள் வெளியேறினர். நிறுவனத்தின் தொழிலாளர் வீடுகள் ஓய்வுபெற்றோர்க்கும் வெளியூரார்க்கும் குறைந்த விலையில் கைமாறின. இன்று ஊரில் ஏறத்தாழ மூவாயிரம் பேரே உள்ளனர். நாம் தங்கியதும் அத்தகைய பழைய தொழிலாளர் வீடுகளில் ஒன்றே.

வாயிற்கதவின் அருகே ஒரு சிறு இரும்புப் பெட்டி. கைத்தொலைபேசியில் வந்த எண்களை அதில் திருப்பியதும் திறந்து சாவியைத் தந்தது. வரவேற்க ஒருவருமில்லை. சமையலறை மேசைமீது ஓர் அட்டைக்கோப்பு நம்மை வரவேற்றது: காலணிகளை உதறிய பின்னரே அணிக, தேள் இருக்கலாம், நீரை வீணாக்கற்க, பதிவு செய்தவரன்றிப் பிறரை வீட்டினுள் அனுமதியற்க, திங்கட்கிழமை பத்து மணிக்குள் வெளியேறுக. எல்லாம் முறையான கட்டளைகளே. ஆயினும், விருந்தினர் உண்டு, விருந்தோம்புவார் இல்லை என்ற நிலை நமக்குப் புதிது.

கூரைமேல் ஒரு குளிர்விப்பான் இருந்தது. உள்ளே மரச்சீவல் தட்டிகள். அவற்றின்மீது நீர் சொட்டிக்கொண்டிருக்க, விசிறி வெளிக்காற்றை அவற்றினூடே இழுத்து வீட்டினுள் அனுப்புகிறது. நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தைக் கவர்வதால் அறை குளிர்கிறது. பழைய பங்களாக்களில் வெட்டிவேர்த் தட்டிகட்டி நீர் தெளித்த முறையே இது. காற்று உலர்ந்திருக்கும் மட்டுமே இது பயன்படும்; ஜூலையில் மழைமேகம் வந்து ஈரம் கூடினால் பயனற்றுப்போகும். வெளியே 43 பாகை வெப்பம். பிள்ளைகள் இருவரும் அக்காற்றின் கீழே பாயை விரித்து, "சாமி தாத்தா, இங்கே வந்து படுங்க" என்று நம்மை அழைத்தனர்.

சனிக்கிழமை விடியலில் தெற்கே சென்று ஆர்கன் பைப் தேசிய நினைவகத்தைக் கண்டோம். 1937இல் பாதுகாக்கப்பெற்ற வனநிலம் அது. ஆலயத்து ஆர்கனின் குழல்களைப்போல் ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் எழும் கள்ளியே அதன் பெயருக்குக் காரணம். அம்மாதம் சகுவாரோ பழங்கள் கனியும் காலம். ஓவொதாம் மக்கள், காய்ந்த சகுவாரோவின் விலாக்கம்புகளை இணைத்துச் செய்த நீண்ட துறட்டியால் பழங்களைத் தட்டி வீழ்த்துவர். பனைநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதுபோல் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்குவர். பறித்த பழத்தின் தோலை, சிவந்த உட்புறம் வானை நோக்குமாறு நிலத்தில் வைப்பது அவர்தம் வழக்கம். அது மழைக்கான மன்றாட்டு. அவர்களின் புத்தாண்டும் அப்பருவத்திலேயே பிறக்கிறது.

அவ்வழியே மேற்கு நோக்கிச் செல்வதுதான் காமினோ தெல் தியாப்ளோ, அதாவது சாத்தானின் பாதை. 1699இல் இயேசு சபைக் குரு எய்சேபியோ கீனோ அவ்வழியே குதிரைமீது சென்றார். பாறைக்குழிகளில் தேங்கிய மழைநீரை வழிகாட்டிகள் அறிந்திருந்ததால் பிழைத்தார். வரைபடங்கள் வரைந்து, கால்நடையும் கோதுமையும் அளித்து, அம்மக்களிடையே உழைத்த அவரை 2020இல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. பின்னாளில், குறிப்பாகக் கலிபோர்னியாவில் பொன் தேடி விரைந்த 1850களில், அப்பாதையில் நீரின்றி மாண்டோர் பலர்.

மாள்வது அன்றோடு முடியவில்லை. 1994 முதல் நகரங்களை ஒட்டிய எல்லைப்பகுதிகளில் வேலியும் காவலும் பெருகின. எனவே, மெக்சிக்கோவிலிருந்தும் அதற்குத் தெற்கிலுள்ள நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வருவோர் பாலையின் பக்கம் திரும்பினர். கணக்கு எளிது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் நீர் வேண்டும். எல்லையைக் கடந்து வடக்கே பெருஞ்சாலையை அடைய ஐந்து நாள் நடக்க வேண்டுமெனில் 20 லிட்டர். அதாவது 20 கிலோ சுமை. அதனைச் சுமந்து அவ்வெயிலில் நடப்பார் யார்? இதனால் அப்பாலையில் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். பெயர் அறியப்படாமலே புதைக்கப்பட்டோரும் உண்டு.

இச்செய்திகளை நாம் முன்பே படித்திருந்தோம். படித்தது வேறு; ஞாயிறு விடியற்காலை நேர்ந்தது வேறு.

கட்டளைச் செபத்திற்காக நான்கரை மணிக்கு எழுந்து பின்வாசலைத் திறந்தோம். தோட்டத்துக் குழாயடியில் ஓர் உருவம் குந்தியிருந்தது. இருபது வயது இருக்கலாம். அவனும் அஞ்சினான், நாமும் அஞ்சினோம். ஒளிபட்டு மின்னாதிருக்கக் கரிய நிறத்தில் செய்யப்பட்ட நீர்க்கலம் அவன் கையில். காலடித்தடம் பதியாதிருக்கக் கம்பளத் துண்டு தைத்த மிதியடி அவன் காலில். "ஆக்வா" என்றான். குருமடத்தில் கற்ற இலத்தீன் அறுபது வயதை நெருங்கும் காலத்தில் நமக்குப் பயன்பட்டது அப்போதுதான். அச்சொல்லை மொழிபெயர்க்க அகராதி வேண்டியிருக்கவில்லை.

கலத்தை நிரப்பினோம். ரொட்டியும், வாழைப்பழமும், பிள்ளைகளுக்கென வைத்திருந்த உப்புப் பிஸ்கட்டும் கொடுத்தோம். அவன் பாதங்களில் கொப்புளங்கள். உள்ளே வா, சற்று அமர்ந்து இளைப்பாறு என்று கையசைக்க நாம் திரும்பியபோது, மருமகன் கதவருகே நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, உள்ளே மட்டும் வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். என் பச்சை அட்டை இன்னும் வரவில்லை. யாராவது பார்த்தால் நாங்கள் நால்வரும் ஊர் திரும்ப வேண்டியதுதான்" என்றான்.

அவன் கல்நெஞ்சன் அல்லன். பதினோராண்டுகளாக அந்நாட்டில் வரிசெலுத்தி, இன்னும் வரிசையில் நிற்பவன். உரிய ஆவணமின்றி வந்தோரை மறைத்துவைப்பதும், வண்டியில் ஏற்றிச்செல்வதும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். அவன் அச்சம் பொய்யன்று. நாமோ இரு வாரத்தில் திரும்பிவிடப்போகும் விருந்தாளி. துணிவு நமக்கு மலிவாகக் கிடைத்திருந்தது. மருத்துவ உதவிக்குத் தொலைபேசி செய்யட்டுமா எனச் சைகையால் கேட்டோம். இளைஞன் கைகளை விரைந்து அசைத்து மறுத்தான். பேச்சு புரியாவிடினும் அவனுக்கு நிலைமை புரிந்தது. நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கி, குன்றின் நிழலை நோக்கி நடந்தான். கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் சில மணி நேரத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டும் என்பது நமக்குத் தெரியும்; அவனுக்கும் தெரியும்.

அதன்பின் சதுக்கத்து ஆலயத்தில் திருப்பலியில் கலந்துகொண்டோம். வழிபாட்டில் மனம் ஒன்றவில்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. வெளியே வந்து, முன்னாளில் சுரங்கத்தில் உழைத்த ஒரு மெக்சிக்க முதியவரிடம் நடந்ததைக் கூறினோம். அவர் வியப்படையவில்லை. 2000ஆம் ஆண்டில் டூசானில் தொடங்கப்பட்ட ஹியுமேன் பார்டர்ஸ் என்ற அமைப்பு, பாலையில் நீர்ப்பீப்பாய்களை வைத்து, தொலைவிலிருந்து தெரியுமாறு உயர்ந்த கம்பத்தில் நீலக்கொடி ஏற்றிவைப்பதைச் சொன்னார். அவ்வூரில் வாழ்ந்த ஸ்காட் வாரன் என்ற ஆசிரியர், இருவர்க்கு உணவும் நீரும் தங்க இடமும் அளித்தமைக்காக 2018 ஜனவரியில் கைதானதையும், 2019 ஜூனில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலாமற்போனதையும், மறுவிசாரணையில் அவ்வாண்டு நவம்பரில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டதையும் விவரித்தார். "எங்கள் வீடுகளில் புறக்குழாயைப் பூட்டுவதில்லை, பாதர். அதற்குமேல் ஒவ்வொருவரும் தத்தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்கிறோம்" என்றார்.

மாலையில் மருமகன் நம்மருகே வந்தமர்ந்தான். "என்மேல் கோபமா, மாமா?" என்றான். கோபமில்லை என்றோம்; அது உண்மை. இரவு உறங்குமுன், யாரும் சொல்லாமலே அவன் இரண்டு பெரிய கலங்களில் நீர் நிரப்பிக் குழாயடியில் வைத்ததைக் கண்டோம். சின்னவள் அவற்றின்மேல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வைத்தாள். மறுநாள் காலை அவை வைத்தபடியே இருந்தன. பத்து மணிக்குமுன் சாவியைப் பெட்டியிலிட்டுப் புறப்பட்டோம்.

அன்பார்ந்த வாசகர்களே, மம்ரே தோப்பில் ஆபிரகாம் வெயில் நேரத்தில் மூவரை எதிர்கொண்டழைத்த நிகழ்ச்சியை நாம் எத்தனையோ முறை மறையுரையில் எடுத்துரைத்திருக்கிறோம். பாலையில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளையைப் புதரடியில் கிடத்திவிட்டு அழுத ஆகாரைப்பற்றியும் பேசியிருக்கிறோம். வாடகை வீட்டில் நாமே அந்நியர். பொறுப்பு நமக்கில்லை என்று எண்ண அங்கே இடமுண்டு. ஆனால், வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் வாயிலருகே நிற்பவனே வீட்டுக்காரன் என்பதை அவ்விளைஞன் நமக்கு உணர்த்திச் சென்றான். குழாயைத் திறந்தோம், கதவைத் திறக்கவில்லை. மருமகன் குடும்பத்தை ஆபத்தில் ஆழ்த்த நமக்கு உரிமையில்லை என்பதும் மெய்; ஒருவன் வெயிலுக்குள் நடந்துபோவதைப் பார்த்து நின்றோம் என்பதும் மெய். இவ்விரண்டையும் ஒன்றாக்கும் விடை இன்னும் நமக்குக் கிட்டவில்லை.

ஊர் திரும்பியபின் பங்கு இல்லத்து மதிற்சுவரின் வெளிப்புறத்தில் ஒரு குழாய் வைத்தோம். இரவில் வாயில்மணி ஒலித்தால், யாரென்று உள்ளிருந்தே கேட்கும் நம் பழைய வழக்கத்தையும் விட்டோம். இப்போது எழுந்து சென்று கதவைத் திறந்த பின்னரே கேட்கிறோம். இங்கே நம்மைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. முன்பும் இருந்ததில்லை.