கெல்லி மாளிகையில் ஒரு நாள்

ஒரு வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தால், அவரைப் பேணுபவரும் வாசலைத் தாண்டுவதை மறந்துவிடுகிறார். எங்கள் பள்ளிப் பெற்றோருள் அத்தகையோர் 18 பேர் இருக்கிறோம். பக்கவாதத்தால் விழுந்த மாமியார், நடக்கவியலாத பிள்ளை, சிறுநீரகம் பழுதுற்ற கணவர் என ஒவ்வொருவர்க்கும் ஒரு பொறுப்பு. எங்களுக்கென்றே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் சென்ற பள்ளி விடுமுறையில் ஒருநாள் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தனர்.

எங்களுள் ஒருவர் முதலில் வர மறுத்துவிட்டார். இரண்டு மணிக்கொரு முறை மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்காவிடில் முதுகில் புண் வந்துவிடுமே என்பது அவர் அச்சம். பக்கத்து வீட்டு அம்மையார், "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா தங்கச்சி" என்று தேற்றினார். ஆறாம் ஆண்டில் பயிலும் மகளும், கடிகாரம் பார்த்து நேரத்தைக் குறித்து வைப்பதாக வாக்களித்தாள். பிறகே அவர் பேருந்தில் ஏறினார்.

பேராக் மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில் கெல்லி மாளிகை உள்ளது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890-ஆம் ஆண்டில், தமது 20-ஆம் வயதில் மலாயாவுக்கு வந்து, ரப்பர்த் தோட்ட முதலாளியாக உயர்ந்தவர். அவர் 1915-இல் இம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். தமிழகத்திலிருந்து வந்த கைவினைஞர்கள் இதற்காக உழைத்தனர். 1918-இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய கொடிய காய்ச்சலுக்குத் தொழிலாளர் பலர் பலியாயினர். 1926-இல் கெல்லியும் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

செங்கற்சுவர்களையும் வளைவுகளையும் பார்த்தபடி மேல்மாடிக்கு ஏறினோம். "யாரையும் தாங்கிப் பிடிக்காமல் படியேறி எத்தனை நாளாயிற்று!" என்று எங்களுள் ஒருவர் கூறியதும் அனைவரும் நகைத்தோம், சிலர் கண்களில் நீர் துளிர்த்தது. மின்தூக்கிக்கென்று கட்டப்பட்ட வெற்றுக் கூண்டையும் கண்டோம். தம் பிள்ளையைத் தினமும் தூக்கிச் சுமக்கும் அன்னை அதன் முன் நெடுநேரம் நின்றார்.

மரநிழலில் கட்டுச்சோறு உண்டபின், அருகிலுள்ள மகா மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். நோய்க்கு அஞ்சிய தொழிலாளர்கள் வேண்டிக்கொண்டதால் கெல்லி கட்டித் தந்த கோயில் என்பர். தெய்வத் திருவுருவங்களுக்கிடையே வெள்ளைக்காரர் ஒருவரின் சிலையும் கூரைமீது நிற்கிறது. அன்று அத்தொழிலாளர் வேண்டியதையே நாங்களும் வேண்டினோம்.

மாலை 6 மணிக்கு வீடு திரும்பினோம். மாமியாரைத் திருப்பிய நேரங்களை அம்மாணவி தன் பயிற்சிப் புத்தகத்தில் வரிசையாக எழுதியிருந்தாள். ஒருமுறை மட்டும் அரை மணி தாமதம். அதை மறைக்காமல் எழுதியிருந்தாள். ஒரு காலத்தில் பால்மரம் வெட்டிய அம்மூதாட்டி, மருமகள் பூசிய திருநீற்றை நெற்றியில் ஏற்று, "அடுத்த மாதமும் போய் வா" என்றாராம்.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! எங்களுக்குப் பெரும்பொருள் வேண்டா. உங்கள் பக்கத்து வீட்டில் நோயாளியைப் பேணுபவர் இருந்தால், மாதத்தில் ஒரு நாள் அவர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளே எஞ்சிய நாள்களைத் தாங்கும் வலிமையைத் தரும். அதனை நாங்கள் அனுபவித்தே கூறுகிறோம்.